காவலன் குரல் அடங்கினால்?

நாட்டுப்புறத்தில் இரவுக் காவலுக்கு ஒரு மரபு உண்டு. காவலன் தெருத்தெருவாகச் சுற்றி வருவான். மணிக்கொரு முறை கோலைத் தரையில் தட்டிக் குரல் கொடுப்பான். அக்குரல் கேட்கும் வரையில் ஊர் நிம்மதியாக உறங்கும். கேட்க வேண்டிய நேரத்தில் அது கேட்கவில்லையானால், திண்ணையில் படுத்திருக்கும் முதியவர் எழுந்து உட்கார்ந்துவிடுவார். விளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வருவார். "கள்வன் வந்துவிட்டான் என்று காவலன் கூவினால்தான் விழிப்பேன்" என்று அவர் சொல்வதில்லை. குரல் நின்றுபோனதே அவருக்குப் போதுமான செய்தி.

படிப்பறியாத பெரியவர்கள் அறிந்திருந்த இவ்வுண்மையை, அறிவியல் பயிலும் நாம் நம் கருவிகளுக்குக் கற்பிக்கத் தவறிவிட்டோம் என்பது என் கருத்து. கம்பியில்லா உணரி வலையமைப்புகளைப் பற்றியே இதனைச் சொல்கிறேன்.

நம் வளாகத்தில் இயற்பியல், மின்னணுவியல், கணினியியல் பயிலும் நண்பர்களுக்கு இத்தொடர் புதிதன்று. பிற துறை நண்பர்களுக்காகச் சில சொற்கள் கூறுவேன். உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி ஒன்று. வெப்பம், ஈரம், அதிர்வு, நிலத்தின் சாய்வு இவற்றுள் ஒன்றை அளக்கும் உணரி அதில் இருக்கும். கணக்கிட ஒரு சில்லு. செய்தியை அனுப்பவும் வாங்கவும் ஒரு சிறு வானொலி. இவற்றுக்கெல்லாம் ஆற்றல் தர இரண்டு மின்கலங்கள். இக்கருவியைக் கணு என்கிறோம். கணுக்கள் பலவற்றைக் காட்டிலும் மலையிலும் ஆற்றங்கரையிலும் ஊன்றிவிட்டால், ஒவ்வொன்றும் தன் செய்தியை அண்டைக் கணுவுக்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். இவ்வாறு கைமாறிக் கைமாறிச் செய்தி தலைமை நிலையத்தை அடையும். கம்பி இழுக்க வேண்டுவதில்லை. ஆள் காவலும் வேண்டுவதில்லை.

இஃது ஏட்டளவில் நிற்கும் கனவன்று. கேரளத்து மூணாற்றில், அந்தோணியார் காலனி மலைச்சரிவில், அமிர்தா பல்கலைக்கழகத்தார் இத்தகைய வலையமைப்பு ஒன்றை நிறுவினர். மண்ணுக்குள் துளையிட்டு இறக்கிய உணரிகள், மழைநீர் ஊறுவதால் மண்ணின் துளைகளில் ஏறும் அழுத்தத்தையும், நிலம் சாய்வதையும் அளந்து சொல்கின்றன. 2009ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவ்வளவைகளைக் கொண்டு மக்களுக்கு எச்சரிக்கையும் விடப்பட்டது. மலைச்சரிவுக்கு உள்ளானபின் உணர்வதைவிட, சரியுமுன் உணர்வதன்றோ அறிவு? இந்த முயற்சியைப் போற்றாதவர் இருக்க முடியாது. போற்றிவிட்டு, கேட்க வேண்டிய கேள்வியையும் கேட்போம்: இக்கருவிகள் பேசும் வழியாகிய காற்றுவெளியையே ஒருவன் அடைத்துவிட்டால் என்ன ஆகும்?

அலைமறிப்பு

நூல்கள் 'ஜாமிங்' என்று வழங்குவதை நாம் அலைமறிப்பு எனலாம். இருவர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில் மூன்றாமவன் பறையடித்தால் பேச்சு காதில் விழாது. அஃதே போல, கணுக்கள் பேசும் அதிர்வெண்ணிலேயே வலுவான இரைச்சலை எழுப்பினால் செய்தி குலைந்துபோகும். இந்தச் சூழ்ச்சி வானொலியோடு உடன்பிறந்தது என்றே சொல்லலாம். 1904ஆம் ஆண்டு உருசிய-சப்பானியப் போரில், போர்ட் ஆர்தர் துறைமுகத்தின்மீது குண்டு வீசிய சப்பானியக் கப்பல்கள் கம்பியில்லாத் தந்தி வழியே குறி திருத்திக்கொண்டிருந்தன. உருசியர் தம் தந்திக் கருவியால் வெறும் இரைச்சலை எழுப்பி அச்செய்திகளைக் குலைத்தனர். இன்றைக்குத் தேர்வுக்கூடங்களில் கைப்பேசியின் வாயை அடைப்பதும் இதே முறையால்தான்.

உணரி வலையமைப்பு மற்ற வானொலிகளைவிட இதற்கு எளிதில் இரையாகிறது. காரணத்தை ஒரு சிறு கணக்கால் காட்டுவேன். மின்கலத்தைச் சிக்கனப்படுத்த வேண்டிய கணு, ஏறத்தாழ 1 மில்லிவாட் வலிமையோடுதான் பேசுகிறது. மறிப்பவன் கையில் 1 வாட் கருவி இருப்பதாகக் கொள்வோம். அஃது ஆயிரம் மடங்கு. திறந்த வெளியில் அலையின் வலிமை தொலைவின் வர்க்கத்திற்கேற்பக் குறைவதால், ஆயிரம் மடங்கு வலிமை உடையவன் சுமார் 32 மடங்கு தொலைவிலிருந்தும் சமமாக ஒலிக்க முடியும். அண்டைக் கணு 30 மீட்டரில் இருந்தால், மறிப்பவன் ஏறத்தாழ 950 மீட்டருக்கு அப்பால் நின்றுகொண்டே அதன் குரலுக்கு ஈடாக இரையலாம். இவ்வகைக் கணுக்கள் பின்பற்றும் 802.15.4 என்னும் தரமுறையில், செய்தியை அகலமாகப் பரப்பி அனுப்புவதால் எட்டு மடங்கு ஆதாயம் உண்டு. அதைக் கழித்தாலும் அவனுக்கு 300 மீட்டருக்கு மேல் எட்டும். அந்தப் பரப்பும் முறையும் மறைபொருள் அன்று. அச்சிட்ட தரநூலிலேயே உள்ளது. அதனை அப்படியே பின்பற்றி இரைபவனுக்கு அந்த ஆதாயமும் தடையாகாது.

இங்கே நண்பர்கள் ஒரு மறுமொழி கூறுவர்: "நாங்கள் செய்தியை மறைகுறியாக்கி அல்லவா அனுப்புகிறோம்!" நன்று. ஆனால் பாதுகாப்பு என்றால் மறைகுறியாக்கம் ஒன்றே என்று எண்ணுவது நம்மிடையே வேரூன்றிய பிழை. கடிதத்தை உறையிலிட்டு அரக்கு முத்திரை வைத்தால் அதைப் பிறர் படிப்பதைத் தடுக்கலாம். அஞ்சற்காரரை வழியில் மறித்துவிட்டால் அரக்கு என்ன செய்யும்? மறிப்பவனுக்கு நம் செய்தியைப் படிக்கும் ஆவல் இல்லை. அது சேரக்கூடாது என்பதே அவன் நோக்கம்.

இன்னும் ஒரு தீங்கும் உண்டு. 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மறிப்பான்களை நால்வகையாகப் பிரித்துக் காட்டினர். ஓயாமல் இரைபவன் ஒருவன். முறையான செய்திபோல் நடிப்பவன் ஒருவன். உறங்கி உறங்கி விழித்து இரைபவன் ஒருவன். பிறர் பேச வாயெடுக்கும் நொடியில் மட்டும் குறுக்கே பாய்பவன் ஒருவன். இவர்களுள் இரண்டாமவன் கணுவின் உயிரையே குடிப்பான். எங்கிருந்தோ செய்தி வருகிறது என்று நம்பிக் கணு உறங்காமல் காது கொடுத்துக்கொண்டே இருக்கும். பரவலாகப் பயன்பட்ட ஒரு வானொலிச் சில்லு, கேட்டுக்கொண்டிருப்பதற்கு மட்டும் ஏறத்தாழ 19 மில்லியாம்பியர் உறிஞ்சும். இரண்டு மின்கலங்களில் 2,500 மில்லியாம்பியர்-மணி இருந்தால், அது 131 மணி நேரத்திற்கே போதும். ஓராண்டு உழைக்க வேண்டிய கணு ஆறாம் நாள் முடியுமுன் மாண்டுவிடும். பின்னர் மறிப்பவன் வீட்டுக்குப் போய்விட்டாலும் வலையமைப்பு எழாது.

யார் மறிக்கப் போகிறார்கள்?

"மலைச்சரிவை அறிவிக்கும் கருவியை மறித்து எவனுக்கு என்ன இலாபம்? இது வீண் அச்சம்" என்பார் உளர். இக்கூற்றை எளிதில் தள்ளிவிட இயலாது. ஆராய்ந்தே விடை கூற வேண்டும்.

முதலாவது, மறிப்பவன் நம்மேல் பகை கொண்டவனாக இருக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் நியூவர்க் விமான நிலையத்தின் அருகே ஒரு வண்டியோட்டி, தான் எங்கே செல்கிறான் என்பதை முதலாளி அறியாதிருக்கும் பொருட்டு, வண்டியில் ஒரு சிறு மறிப்பானைப் பொருத்திக்கொண்டான். அது விமானங்கள் இறங்குவதற்குத் துணையாக அங்கு அமைக்கப்பட்ட செயற்கைக்கோள் வழிகாட்டிக் கருவியைக் குழப்பியது. 2013ஆம் ஆண்டு அவனுக்கு ஏறத்தாழ 32,000 டாலர் தண்டம் விதிக்க முனைந்தனர். விமானத்தின்மேல் அவனுக்கு வெறுப்பு இல்லை. முதலாளியின் கண்ணுக்குத் தப்ப வேண்டும் என்பதே அவன் விருப்பம். அற்பக் காரணத்திற்கும் பெருங்கேடு விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? நம் நாட்டில் அரசின் ஒப்புதலின்றி மறிப்பானை விற்பதும் பயன்படுத்துவதும் சட்டத்திற்குப் புறம்பு. சட்டம் இருப்பதனாலேயே குற்றம் இல்லாமற் போவதில்லை. ஆற்று மணலைத் திருடுபவனுக்கு ஆற்றங்கரை உணரி பகை. காட்டில் வேட்டையாடுபவனுக்குக் காட்டு உணரி பகை. வலையமைப்புகள் பெருகப் பெருக, அவற்றின் வாயை அடைக்க விரும்புவோரும் பெருகுவர்.

இரண்டாவது, பகைவனே இல்லாதபோதும் வாய் அடைபடும். 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு, மூணாற்றை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணில் புதைந்தன. 70 உயிர்கள் மாண்டன. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் நம் மொழி பேசிய தமிழ்த் தொழிலாளர் குடும்பத்தினர். கடும் மழையில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் அற்றுக் கிடந்தமையால், இரவில் நிகழ்ந்த அக்கொடுமை மறுநாள் காலையில்தான் வெளியுலகிற்குத் தெரிந்தது. அங்கே எவனும் அலையை மறிக்கவில்லை. மழையும் இருளுமே மறித்தன. ஆயினும் வெளியே இருந்தவர்க்கு விளைவு ஒன்றே: ஒரு சிற்றூர் முழுதும் வாயடைத்துப் போயிற்று, அந்த அமைதி யாரையும் எழுப்பவில்லை.

என் கருத்தின் உயிர்நிலை இதுவே. அலைமறிப்பைத் தாங்கும்படி வலையமைப்பை அமைப்பவன், பகைவனுக்கு எதிராக மட்டும் அமைக்கவில்லை. மழை, மின்தடை, கெட்டுப்போன கருவி, அருகிலுள்ள மற்றொரு வானொலியின் இரைச்சல் ஆகிய எல்லாவற்றுக்கும் எதிராக அமைக்கிறான். பகைவனை எண்ணிக் கட்டிய அணை வெள்ளத்தையும் தடுக்கும்.

கருவிகள் நம்மிடம் உள்ளன

இதற்கு வழி இல்லையா என்றால், வழிகள் பல உண்டு. 1942ஆம் ஆண்டிலேயே ஹெடி லமார் என்னும் திரைப்பட நடிகையும் ஜார்ஜ் ஆன்டைல் என்னும் இசையமைப்பாளரும் அமெரிக்காவில் ஒரு காப்புரிமை பெற்றனர். நீர்மூழ்கிக் குண்டைச் செலுத்தும் வானொலிக் குறியை ஒரே அதிர்வெண்ணில் வைக்காமல், பியானோவின் கட்டைகளைப் போல 88 அதிர்வெண்களிடையே தாவவிடுவதே அவர்கள் முறை. தாவும் வரிசை அறியாதவன் எங்கே இரைவான்? இந்த அறிவு 2007இல் வெளிவந்த தொழிற்சாலைத் தரமுறையாகிய ஒயர்லெஸ் ஹார்ட்டிலும், 2012இல் 802.15.4இன் திருத்தத்திலும் இடம்பெற்றுவிட்டது. 2.4 கிகாஹெர்ட்சில் அதற்கு 16 தடங்கள் உண்டு. ஒரு தடத்தில் நின்று இரைபவன் பதினாறில் ஒரு பங்கையே கெடுப்பான். பதினாறிலும் இரைய முனைந்தால் அவன் வலிமை பதினாறாகப் பிரியும். அவன் குரல் எட்டும் தொலைவு நாலில் ஒன்றாகச் சுருங்கும். தாவும் வரிசையைப் பகைவன் அறியாதபடி மறைத்து வைக்க வேண்டும் என்பதை மட்டும் மறத்தலாகாது. மறைகுறியாக்கத்துக்கு உரிய உண்மையான பணி இங்கேதான் உள்ளது.

மறிக்கப்படுகிறோம் என்பதை அறியவும் வழி உண்டு. முன் சொன்ன ரட்கர்ஸ் ஆய்வாளர்கள் எளிய சோதனை ஒன்றைக் கூறினர். அலையின் வலிமை குறைவாக இருந்து செய்தியும் சேரவில்லையானால், அண்டைக் கணு தொலைவில் உள்ளது, அல்லது மாண்டுவிட்டது என்று கொள்ளலாம். அலை வலுவாக இருந்தும் செய்தி சேரவில்லையானால், அங்கே மறிப்பவன் இருக்கிறான். 2003ஆம் ஆண்டு வெர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் இதற்கும் ஒருபடி மேலே சென்றனர். மறிக்கப்பட்ட இடத்தின் விளிம்பில் உள்ள கணுக்கள் ஒன்றோடொன்று பேசி, "இன்ன எல்லைக்குள் வாய் அடைபட்டிருக்கிறது" என்று வரைபடம் வரையும் முறையை வகுத்தனர். அடைத்தவனின் இருப்பிடத்தை அவன் அடைப்பே காட்டிக்கொடுக்கும்.

ஆயின், இவை எல்லாவற்றையும் மீறிப் போதிய வலிமையோடு ஒருவன் இரைந்தால் வலையமைப்பு ஊமையாகும். இயற்பியலின் விதி அது. எந்தச் சூழ்ச்சியும் அதை அறவே வெல்லாது. அப்போதுதான் திண்ணை முதியவரின் அறிவு தேவைப்படுகிறது.

அமைதியே எச்சரிக்கை

இன்றைய அமைப்புகளில் பெரும்பாலானவை "ஆபத்து" என்ற செய்தி வந்தால் சங்கு ஊதும் வகையில் எண்ணப்படுகின்றன. செய்தி வராதபோது ஊர் நலம் என்று பொருள் கொள்ளப்படுகிறது. இதனைத் தலைகீழாக மாற்ற வேண்டும் என்கிறேன். ஒவ்வொரு கணுவும் குறித்த இடைவெளியில் "நலம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கட்டும். குடியிருப்பில் வைத்துள்ள சங்கு அந்த "நலம்" என்ற சொல்லைத் தானே எண்ணட்டும். எங்கோ நகரத்தில் உள்ள தலைமை நிலையத்தின் கட்டளைக்காக அது காத்திருக்கலாகாது. அந்தக் கட்டளையும் காற்றுவெளி வழியாகத்தானே வர வேண்டும்? குறித்த எண்ணிக்கையில் "நலம்" வரவில்லையானால் சங்கு தானே விழிக்கட்டும்.

இதற்கு இரண்டு தடைகள் கூறப்படும். முதலாவது பொய் எச்சரிக்கை. ஒரு மின்கலம் தீர்ந்ததற்கெல்லாம் ஊரை எழுப்பினால், 'புலி வருது' கதையாகிவிடும். உண்மைப் புலி வரும்போது ஒருவரும் எழமாட்டார். உண்மைதான். ஆகவே அமைதியையும் தரம் பிரித்தல் வேண்டும். பங்குனி வெயிலில் ஒரு கணு ஊமையானால் பழுது பார்ப்பவரை அனுப்பினால் போதும். நாள் முழுதும் அடைமழை கொட்டும் இரவில், சரிவில் உள்ள கணுக்கள் எல்லாம் ஒருசேர ஊமையானால், பழுது பார்ப்பவரைத் தேடிக்கொண்டிருப்பது மடமை. மக்களை மேட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மழையை அளக்கக் கம்பியோ அலையோ வேண்டியதில்லை. குடியிருப்பில் ஒரு மழைமானியும், அதைப் பார்க்கப் பழகிய ஓர் ஆளும் போதும்.

இரண்டாவது தடை இன்னும் கூர்மையானது. அமைதிக்கே ஊர் எழுந்து ஓடுமானால், மறிப்பவன் அதையே கருவியாக்கி வேண்டுமென்றே ஊரைக் காலி செய்விப்பானே என்பது. செய்விக்கலாம். ஆனால் மேற்சொன்ன சோதனைகள் மறிப்பவன் இருக்கிறான் என்பதையும் ஏறத்தாழ எங்கே இருக்கிறான் என்பதையும் சொல்லிவிடும். அவ்வாறு சொல்ல இயலாத ஓர் இரவில், எதை இழக்கலாம் என்பதே கேள்வி. ஓர் இரவின் உறக்கத்தை இழந்தவர் மறுநாள் நம்மை ஏசுவார். உயிரை இழந்தவர் ஏசவும் மாட்டார்.

நாம் செய்யத் தக்கவை

இந்த மலரைப் படிப்போர் மாணவர்கள். ஆகவே நம்மால் ஆவது யாது என்று கூறி முடிக்க விரும்புகிறேன்.

ஒன்று: ஆய்வுத் திட்டங்களில் நாம் எழுதும் முறை மாற வேண்டும். மேசைமேல் பத்துக் கணுக்களை வரிசையாக வைத்து, "100க்கு 99 செய்திகள் சேர்ந்தன" என்று வரைபடம் போட்டு மதிப்பெண் பெறுகிறோம். மலைமேல் யாரும் மேசை போட்டு வைக்கப்போவதில்லை. ஒவ்வொரு திட்ட நூலிலும் "காற்றுவெளி அடைபட்டால்" என்று ஒரு பகுதி கட்டாயம் இருக்கட்டும். அது இல்லாத நூலைத் தேர்வாளர்கள் திருப்பி அனுப்பட்டும். அதனால் மனம் கசந்தாலும் நன்மையே.

இரண்டு: சோதனையை முறையாகச் செய்வோம். திறந்த வெளியில் அலையை மறித்துப் பார்ப்பது குற்றம். பக்கத்து விடுதிக்கும் மருத்துவமனைக்கும் அதனால் இடையூறு நேரும். உலோகத்தால் மூடிய பெட்டிக்குள்ளோ, வானலை வாங்கியைக் கழற்றிவிட்டுக் கம்பி வழியாக இணைத்தோ இதே சோதனையைச் செய்யலாம். எந்தத் துறைக்கும் இது பெருஞ்செலவு அன்று.

மூன்று: மக்களின் மொழியில் சொல்வோம். 2024ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் வயநாட்டில் முண்டக்கை, சூரல்மலைப் பகுதிகளில் 200க்கும் மேற்பட்டோர் மாண்டபின், எச்சரிக்கை அமைப்புகளைப் பற்றிய பேச்சு நாடெங்கும் எழுந்தது. இனி மலைதோறும் உணரிகள் வரக்கூடும். "சங்கு ஊதினால் ஓடு" என்று சொல்லிக்கொடுப்பது எளிது. "சங்குக்கு வரவேண்டிய குரல் நின்றாலும் எழு" என்பதைச் சொல்லிக்கொடுக்க விளக்கம் வேண்டும். அந்த விளக்கம், கேட்போரின் தாய்மொழியில் இருக்க வேண்டும். மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் அந்த மொழி பெரிதும் தமிழ். தாய்நிலத்துக்கு வெளியே சென்று உழைக்கும் அவர்களும், தாய்நிலத்துக்கு வெளியே வந்து பயிலும் நாமும் ஒருவகையில் ஒரே வழியினர். நம் சங்கம் ஆண்டுதோறும் நடத்தும் பேச்சுப் போட்டிகளோடு, எட்டுப் பக்கத்தில் ஒரு சிறு தமிழ்க் கையேட்டையும் எழுதி அச்சிடலாம். எழுதத் துறை மாணவர் உண்டு. நடை திருத்தத் தமிழ் அறிந்த நண்பர் உண்டு. படம் வரைபவரும் நம்மிடையே உண்டு.

தமிழில் அறிவியல் வளரவேண்டும் என்று மேடைதோறும் முழங்குகிறோம். கலைச்சொல் படைப்பதோடு அக்கடமை முடிந்துவிடாது. அறிவியல் யாரைக் காக்கும்பொருட்டு மலைமேல் ஊன்றப்படுகிறதோ, அவர் அதனைப் புரிந்துகொள்ளும்போதே அச்சொற்கள் உயிர்பெறும். கருவி பேசாத இரவிலும் என்ன செய்ய வேண்டும் என்று அறிந்த ஓர் ஊர், எந்த மறிப்பானாலும் வெல்ல முடியாத ஊர். அத்தகைய ஊர்களை ஆக்குவதில் நம் பங்கு சிறிதாயினும் இருக்கட்டும்.